எழும்பினால் தலைச்சுற்று, சாப்பிட்டால் வயிற்றுப் பொருமல்: நீரிழிவும் தன்னியக்க நரம்புகளும்

எனக்கு நீரிழிவு வந்து இருபத்துமூன்று வருடம். தன்னியக்க நரம்புகள் பழுதாகிவிட்டன என்று சொல்லி ஆறு வருடம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வாங்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டவற்றையும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாவுக்காகத் தொலைபேசியில் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை, ஓய்வுபெற்ற கந்தோர்க்காரன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரைக் கேட்டுத்தான்.

இது என்ன வியாதி? கால் விறைக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேர் ஒன்று, கிளை வேறு. கால் விறைப்பும் எரிவும் தொடுகையை உணரும் நரம்புகள் பழுதாவதால் வருபவை. நாம் நினைக்காமலே உடம்பு தானாகச் செய்யும் வேலைகள் சில இருக்கின்றன: எழும்பியவுடன் இரத்தக் குழாய்களை இறுக்குவது, இரைப்பையைப் பிசைந்து சாப்பாட்டைக் கீழே தள்ளுவது, சலப்பை நிறைந்ததை அறிவிப்பது, வெயிலில் வியர்ப்பது, இருட்டில் கண்மணியை விரிப்பது. இவற்றை நடத்துபவைதான் தன்னியக்க நரம்புகள். வருடக்கணக்காகக் கூடிக் கிடந்த சீனி இவற்றையும், இவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களையும் அரித்துவிடுகிறது. நீளமான நரம்புகள் முதலில் அடிபடும். மூளையின் அடியில் தொடங்கி இதயம், இரைப்பை, குடல் என்று இறங்கிப்போகும் வேகஸ் நரம்பு அப்படிப்பட்டது. கிளினிக் கொப்பியில் ‘ஓட்டோநோமிக் நியூரோபதி’ என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு குறியும் தனி வியாதி போல வந்து நிற்கும். தலைச்சுற்றுக்கு ஒரு டொக்டர், வயிற்றுக்கு ‘காஸ்’ குளிசை, சலத்துக்கு இன்னொருவர், மற்ற விஷயத்துக்கு ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. நான் மூன்று வருடம் இப்படி அலைந்தேன். எல்லாவற்றையும் ஒரே டொக்டரிடம் ஒரே இருப்பில் சொன்ன அன்றுதான் இதற்குப் பெயர் கிடைத்தது.

இப்போது என் சீனி நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் வந்தது?

நரம்பு பழைய கணக்கு பார்க்கும். முதல் பத்து வருடம் நான் கலியாண வீட்டுக்குப் போனால் ஒரு குளிசை கூடப் போட்டுவிட்டு இரண்டு தரம் பாயாசம் குடித்தவன். 1993 இல் வெளியான டிசிசிடி என்ற பெரிய ஆய்வில், சீனியை இறுக்கமாக வைத்திருந்த வகை 1 நோயாளிகளுக்கு நரம்புப் பழுது ஏறத்தாழ 60 வீதம் குறைவாகவே வந்தது. எங்களைப் போன்ற வகை 2 காரருக்குச் சீனி மட்டும் போதாது. பிரஷர், கொழுப்பு, புகைத்தல், உடல் நிறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வகை 2 என்றால் நோய் பிடிபட்ட நாளிலிருந்தும், வகை 1 என்றால் ஐந்து வருடத்துக்குப் பிறகும் இந்த நரம்புகளைக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

எழும்பும்போது கண் இருட்டுகிறது. ஆனால் பிரஷர் பார்த்தால் கூட என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. நாம் எழும்பி நின்றவுடன் இரத்தம் கீழே இறங்கும். நல்ல நரம்பு என்றால் உடனே கால், வயிற்றுக் குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்பும். பழுதான நரம்பு அதைச் செய்யாது. படுத்தால் அதே நரம்பு குழாய்களைத் தளர்த்தவும் தவறுவதால் பிரஷர் ஏறி நிற்கும். ஆகவே கதிரையில் இருத்திப் பார்த்தால் கூட, நின்றால் குறைவு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கிணற்றடியில் குனிந்து வாளியை எடுத்து நிமிர்ந்தேன். கண் இருட்டியது தெரியும், விழுந்தது தெரியாது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. போன இடத்தில் கட்டுப் போட்டார்கள், இருத்திப் பிரஷர் பார்த்தார்கள், 150 இருந்தது, பிரஷர் குளிசையைக் கூட்டி அனுப்பினார்கள். அடுத்த கிழமை குளியலறையில் மறுபடி விழுந்தேன். நிற்கவைத்து ஒருமுறை பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பார்க்கும் முறை இலகு. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் உங்கள் சந்தேகம் சரி. வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் நீங்களே பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போகலாம். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

நான் செய்வது இவை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குல உயரத்துக்குக் கல் வைத்திருக்கிறேன். தலையணையை உயர்த்துவது இதற்கு ஈடாகாது, முழுக் கட்டிலும் சரியவேண்டும். காலையில் எழும்புமுன் அரை லீற்றர் தண்ணீரை இரண்டு மூன்று நிமிடத்துக்குள் குடிக்கிறேன். பிறகு காலைத் தொங்கவிட்டு இருந்து, கணுக்காலை ஆட்டி, தொடையை இறுக்கி, அதன் பிறகுதான் எழும்புவது. வரிசையில் நிற்கும்போது காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கி நின்றால் கொஞ்சம் தாங்கும். தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறையை மகள் அனுப்பினாள். யாழ்ப்பாணத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது ஒரு தண்டனை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டி நல்ல வேலை செய்கிறது, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

குந்தி இருக்கும் மலசலகூடம் எங்களுக்கு ஆபத்து. குந்தி, முக்கி, உடனே எழும்புவது பிரஷரைச் சட்டென்று இறக்கும். கொமட் வைக்க வசதி இல்லையென்றால் நடுவில் ஓட்டை போட்ட கதிரை ஒன்றாவது வாங்குங்கள், பக்கச் சுவரில் ஒரு கைபிடி அடியுங்கள். ஆண்கள் இரவில் உட்கார்ந்தபடியே சலம் போகலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

உப்புக் கூடச் சாப்பிடச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டுக் கருவாடும் மோர் மிளகாயும் கூட்டாதீர்கள். படுக்கையில் பிரஷர் கூடுபவர்களுக்கும் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும் அது கெடுதல். இவையெல்லாம் போதாவிட்டால் புளூட்ரோகோர்ட்டிசோன், மிடோட்ரின் போன்ற மருந்துகள் உண்டு. மிடோட்ரின் போட்டுவிட்டு நான்கு மணி நேரத்துக்குப் படுக்கக்கூடாது.

கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது. காலையில் சாப்பிட்ட புட்டு பின்னேரம் சத்தியாக வருகிறது.

இரைப்பை சோர்ந்துவிட்டது. காஸ்ட்ரோபரேசிஸ் என்று சொல்வார்கள். முதலில் எண்டோஸ்கோப்பி செய்து புண்ணோ அடைப்போ இல்லை என்று பார்ப்பார்கள். பிறகு, வசதியுள்ள இடத்தில், கதிர்த் தடயம் கலந்த சாப்பாட்டைத் தந்து நான்கு மணி நேரம் படம் எடுப்பார்கள். நான்கு மணிக்குப் பிறகும் 10 வீதத்துக்கு மேல் வயிற்றில் கிடந்தால் இரைப்பை மெதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் குழம்புகிறார்கள். இருபது வருடம் எங்களுக்கு என்ன சொன்னார்கள்? சிவப்பரிசி சாப்பிடு, குரக்கன் புட்டுச் சாப்பிடு, முருங்கையிலை வறை நிறையச் சாப்பிடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி. நார் சீனியை மெதுவாக ஏற்றும், அதனால் நல்லது. இரைப்பை சோர்ந்தவருக்கோ அதே நார் வயிற்றிலேயே கிடந்து கட்டிப்படும். கொழுப்பும் இரைப்பையை இன்னும் மெதுவாக்கும். ஆகவே மனைவி அன்போடு வைக்கும் குரக்கன் புட்டும் ஒடியல் கூழும் எனக்கு இப்போது எதிரி. இதைக் குசினிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. “அப்ப இவ்வளவு நாளும் நான் சமைச்சது பிழையோ?” என்று கேட்டார். பிழை இல்லை, வயிறு மாறிவிட்டது.

எனக்குச் சரிவருவது: மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாக ஐந்தாறு சின்னச் சாப்பாடு. இடியப்பம் நாலைந்து, கப்பிப்பாலில் வைத்த சொதி, முள் எடுத்து மசித்த மீன், குழையவிட்ட சோறு, தோல் நீக்கி அவித்த பூசணி, முட்டை. மரக்கறியைச் சாப்பிடாமல் விடவில்லை, நன்றாக அவித்து மசித்து எடுக்கிறேன். மோசமான நாட்களில் திரவமாகவே எடுப்பேன், திரவம் கட்டியைவிட இலகுவாக இறங்கும். நன்றாகச் சப்பவேண்டும். மத்தியானம் சாப்பிட்டவுடன் பாயை விரிக்கிற பழக்கத்தை விடவேண்டும்.

ஒரு முரண்பாடும் இருக்கிறது. வயிறு ‘நட’ என்று சொல்லும், ஆனால் பெரிய மாச்சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தம் வயிற்றுக்குப் போவதால் பிரஷர் ‘இரு’ என்று சொல்லும். நான் அரை மணி நிமிர்ந்து இருந்துவிட்டு, பிறகு விறாந்தையில் சுவரோடு நடப்பேன்.

டொம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைட் போன்ற குளிசைகள் உதவும். ஆனால் பாமசியில் நீங்களாகவே மாதக்கணக்காக வாங்கிப் போடாதீர்கள். முதலாவது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பலாம். இரண்டாவதை நீண்ட நாள் போட்டால் முகமும் நாக்கும் தாமாக அசையத் தொடங்கலாம், அது நிற்காமலே போகவும் கூடும். உடல் நிறை குறைப்பதற்கென்று இப்போது பேசப்படும் செமாகுளூட்டைட் வகை ஊசிகள் இரைப்பையை மெதுவாக்குபவை. வெளிநாட்டில் இருந்து யாராவது அனுப்பினால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஊசி போட்டுச் சாப்பிட்டும் சீனி இறங்குகிறது, பிறகு பார்த்தால் எகிறி நிற்கிறது. ஏன்?

ஊசி நேரத்துக்கு வேலை செய்கிறது, சாப்பாடு நேரத்துக்கு இறங்கவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் இன்சுலின் போடுபவர்களுக்கு இது அதிகம் நடக்கும். முதல் இரண்டு மணி நேரத்தில் சீனி இறங்கும், நாலைந்து மணிக்குப் பிறகு ஏறும். சாப்பிட்டு இரண்டு, நான்கு, ஆறு மணியில் பார்த்து ஒரு கிழமைக்கு எழுதிக் காட்டினால், டொக்டர் ஊசியின் நேரத்தையோ வகையையோ மாற்றுவார்.

முன்பு சீனி குறைந்தால் கை நடுங்கும், வியர்க்கும். இப்போது ஒன்றும் தெரியாமல் மயங்கிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள். நடுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் தன்னியக்க நரம்பு அடிக்கும் மணி. நரம்பு பழுதானால் மணி அடிக்காது. அடிக்கடி சீனி குறைவதும் அந்த மணியை மழுங்கடிக்கும். ஆனால் இந்தப் பகுதி திரும்பக்கூடியது. சில கிழமைகள் ஒருமுறைகூடச் சீனி குறையாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த உணர்வு ஓரளவு திரும்பி வருகிறது. அதற்காக டொக்டர் உங்கள் இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவார். ‘கட்டுப்பாடு போய்விட்டது’ என்று பயப்படாதீர்கள்.

இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு. உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியையோ குளுக்கோஸ் தூளையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்க்கவேண்டும். குறைவாகவே இருந்தால் இன்னொருமுறை. சொக்லேற் வேண்டாம், அதன் கொழுப்புச் சீனியைத் தாமதமாக்கும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இருப்பதும் மெதுவான வழி. இரைப்பை சோர்ந்தவருக்குக் கரைத்த சீனிதான் நல்லது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். இங்கே மில்லிகிராமில் சொல்வோம், கனடாவிலும் இலண்டனிலும் மில்லிமோலில் சொல்வார்கள். அவர்கள் எண்ணை 18 ஆல் பெருக்கினால் எங்கள் எண் வரும். 4 என்றால் 72. நீங்கள் அனுப்பிய மெஷின் அங்கத்தைய கணக்கில் ‘3.1’ என்று காட்ட, அம்மா ‘மூன்றோ, ஏதோ பழுது’ என்று மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அது 56. எந்தக் கணக்கு என்று மெஷினின் முதுகில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களும் அறிகுறி தெரிந்திருக்கவேண்டும். என்னுடையது நடுக்கம் இல்லை, கேட்ட கேள்விக்குக் கோபமாகப் பதில் சொல்வது. என் மனைவி இப்போது கோபத்தைக் கண்டவுடன் சண்டை பிடிப்பதில்லை, விரலை நீட்டச் சொல்கிறார். மயங்கிய ஆளின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இரவில் தெரியாமலே வயிற்றால் போகிறது. சில கிழமை முற்றாக மலச்சிக்கல்.

குடல் நரம்பும் அதே கதைதான், மாறி மாறி வரும். வயிற்றோட்டத்துக்கு நீரிழிவுக் குளிசையான மெட்போர்மினும் காரணமாக இருக்கலாம், ஆகவே முதலில் அதைக் கேளுங்கள். மெதுவான குடலில் கிருமி பெருகினாலும் வரும், அதற்கு மருந்து உண்டு. மெட்போர்மின் பல வருடம் போடுபவர்கள் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைந்தாலும் நரம்பு கெடும், அதைத் திருத்துவது இலகு.

சலம் முழுதாகப் போவதில்லை.

சலப்பை நிறைந்ததே தெரியாமல் பெருத்துவிடும், மிஞ்சி நிற்கும் சலத்தில் கிருமி சேரும். முட்டினாலும் முட்டாவிட்டாலும் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை போங்கள். போய் முடிந்ததும் இரண்டு நிமிடம் பொறுத்து இன்னொருமுறை முயலுங்கள். மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்பதை ஸ்கான் காட்டிவிடும். ஆண்களுக்குப் புரொஸ்டேற் வீக்கமும் இதே போல இருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது…

கேட்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள், அதுவும் வாங்கில் இல்லை, வெளியே சைக்கிள் எடுக்கும் இடத்தில். நீரிழிவுள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைவது மிகவும் சாதாரணம். அது மனைவி மேல் பிரியம் குறைந்ததால் இல்லை. இரத்தக் குழாய் அடைபடுவதன் முதல் குறியாகவும் இருக்கலாம் என்பதால் இதயத்தையும் பார்க்கச் சொல்வார்கள். சில்டெனாபில் பலருக்கு உதவும். ஆனால் நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோ வேறு நைத்திரேற்று மருந்தோ எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, பிரஷர் விழுந்து உயிருக்கு ஆபத்து. எழும்பும்போது பிரஷர் இறங்குபவர்களும் கேட்டுத்தான் போடவேண்டும். பெண்களுக்கு வறட்சியும் நோவும் வரும். அதைப் பெண் டொக்டரிடமாவது சொல்லுங்கள், அதற்கும் பூசும் மருந்துகள் உண்டு.

சாப்பிடும்போது முகத்தில் ஆறாக வியர்க்கிறது, காலோ காய்ந்து வெடிக்கிறது.

காலில் வியர்வை நின்றால் தோல் வெடிக்கும், வெடிப்பால் கிருமி போகும். குளித்தபின் நல்லெண்ணெயோ கிறீமோ பூசுங்கள், விரல் இடுக்கில் பூசவேண்டாம். முகம், தலை, கழுத்து வியர்ப்பது சாப்பாட்டோடு வரும் குழப்பம், உறைப்பைக் குறைத்தால் அடங்கும். கீழ் உடம்பு வியர்க்காததால் சூடு வெளியேறாது. பங்குனி, சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குப் பிறகு நான் வெளியே இறங்குவதில்லை.

நல்லூருக்குப் போகலாமா? விரதம் பிடிக்கலாமா?

கோயிலுக்குப் போகாதே என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் போகிற ஆட்கள் நாங்கள். ஆனால் மத்தியான மணலில் வெறுங்கால் வேண்டாம். சூடு உங்களுக்குத் தெரியாது, கொப்புளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். விடியற்காலைப் பூசைக்குப் போங்கள், வந்தவுடன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். பெண்கள் அடியழிப்பது, விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, பிரஷர் இறங்குபவர்களுக்கு மிகக் கடினமான சோதனை. ஆண்கள் உருண்டு வீதி சுற்றும் பிரதட்டையும் அப்படித்தான். நேர்த்தியை வீட்டில் வேறு ஒருவர் உங்களுக்காக நிறைவேற்றலாமா என்று ஐயரைக் கேளுங்கள்.

விரதம்: இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர், சீனி குறைவதும் தெரியாதவர் என்றால், கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி என்பது விளையாட்டில்லை. நான் இப்போது பாலும் பழமும் எடுத்து, ஊசியின் அளவை முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டு மாற்றித்தான் பிடிக்கிறேன்.

நெஞ்சு நோ இல்லாமலே மாரடைப்பு வருமா?

வரும். நோவைச் சொல்லும் நரம்பே பழுது. திடீரென்று மூச்சு முட்டுதல், காரணமில்லாத களைப்பு, சத்தி, குளிர்ந்த வியர்வை வந்தால் ‘வாய்வு’ என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்காதீர்கள், ஈசிஜி எடுங்கள். சும்மா இருக்கும்போதே நாடி 100 க்கு மேல் அடிப்பதும் ஒரு குறி. நிமிடத்துக்கு ஆறு ஆழமான மூச்சு எடுக்கச்சொல்லி ஈசிஜியில் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. நல்ல நரம்பு என்றால் மூச்சோடு துடிப்பும் ஏறி இறங்கும், பழுதானால் ஒரே சீராக அடிக்கும். கண்புரையோ வேறு எதுவோ, சத்திரசிகிச்சை என்றால் மயக்க மருந்து டொக்டரிடம் இந்த வியாதியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

டொக்டரிடம் என்ன கொண்டுபோவது?

எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், மற்ற டொக்டர் தந்ததையும் சேர்த்து. கால் எரிவுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், புரொஸ்டேற்றுக்குத் தரும் டம்சுலோசின், சலம் போக்கும் பிரஷர் குளிசை எல்லாம் தலைச்சுற்றைக் கூட்டலாம். அமிட்ரிப்டிலின் சலத்தையும் மலத்தையும் கூடக் கட்டும். நீங்களாக நிறுத்தவேண்டாம், பையைக் காட்டினால் போதும். நின்று பார்த்த பிரஷரையும் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் டொக்டருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். வெட்கமான விஷயத்தைக் கடைசியில் வைத்தால் நேரம் முடிந்துவிடும், அதைத் துண்டில் முதலாவதாக எழுதிக் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன்.

மோட்டார் சைக்கிள் ஓடலாமா?

சீனி குறைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றால் இப்போதைக்கு ஓடவேண்டாம். தெரிந்தால், இன்சுலின் போடுபவர்கள் சைக்கிளை எடுக்குமுன் சீனியைப் பாருங்கள், 90 க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டு ஏறிய பிறகு எடுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பக்கற் இருக்கட்டும். கண்மணி மெதுவாக விரிவதால் இரவில் எதிரே வரும் லைற் பட்டால் சில நொடி ஒன்றும் தெரியாது. ஆறு மணிக்குப் பிறகு நான் மகனின் பின்னால்தான் ஏறுவேன்.